தாக்கலாகாத தாவா: ரங்கதுரை தீர்ப்பை மறுபடி வாசித்தல்

ரங்கதுரை வழக்கில் [(1979) 1 எஸ்.சி.சி. 308] உச்ச நீதிமன்றம் 1978 அக்டோபர் 4 அன்று பிறப்பித்த உத்தரவில் இரண்டு தேதிகள் வருகின்றன. வழக்கறிஞர் ரங்கதுரை 1979 ஆகஸ்ட் 14 வரை தொழில் செய்யக் கூடாது என்கிறது ஒன்று. சில நிபந்தனைகளை அவர் நிறைவேற்றினால் அந்தத் தடை 1979 ஜனவரி 26 அன்றே முடிந்துவிடும் என்கிறது மற்றது. இரண்டுக்கும் இடையே 200 நாள். இந்த 200 நாளை நீதிபதி கிருஷ்ணய்யரின் கருணை என்று ஒரு சாரார் போற்றி எழுதிவருகிறார்கள். பொய் சொன்னவருக்குக் காட்டியிருக்கக் கூடாத சலுகை என்று இன்னொரு சாரார் குறைப்பட்டு எழுதிவருகிறார்கள். நிபந்தனைகளைத் தேதிகளோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டுமே நிற்காது என்பது என் வாதம்.

நிபந்தனைகள் இவை. தமிழ்நாட்டில் உள்ள அதிகாரபூர்வமான சட்ட உதவி அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்வதாக அவர் உறுதி தர வேண்டும். மாநிலச் சட்ட உதவி வாரியத்தின் தலைவரிடம் பேசி, அவர் தம்மை ஏற்றுக்கொள்ளும்படி செய்து, சான்றிதழ் பெற வேண்டும். ஓராண்டு முழுவதும் வாரியம் சொல்லும் இலவச வழக்குகளை மட்டுமே நடத்த வேண்டும். அந்த ஓராண்டில் தனியார் வழக்கு ஒன்றைக்கூட ஏற்கக் கூடாது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுத்து ரசீது காட்ட வேண்டும்.

வாரியம் அவரை 1979 ஜனவரி 26 அன்றே ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். ஓராண்டு இலவச வேலை 1980 ஜனவரி 26 வாக்கில் முடியும். நிபந்தனையே வேண்டாமென்று அவர் பேசாமல் இருந்திருந்தால் 1979 ஆகஸ்ட் 15 முதல் காசு வாங்கி வழக்கு நடத்தியிருக்கலாம். வருமானக் கணக்கில் பார்த்தால், ‘சலுகை’யை ஏற்பவர் ஏற்காதவரைவிட ஏறத்தாழ 165 நாள் கூடுதலாக இழக்கிறார், 2,500 ரூபாய் தனி. இதைக் கருணை என்று சொல்வது எப்படி? சலுகை என்று குறைசொல்வதுதான் எப்படி? நான் படித்த உரைகளில் யாரும் இந்தக் கூட்டலைப் போடவில்லை. அப்படியானால் 200 நாளுக்கு முன்பாக அவருக்குத் திரும்பக் கிடைப்பது என்ன என்ற கேள்வி எழுகிறது. பணம் அல்ல. கறுப்பு அங்கி, நீதிமன்றத்தில் எழுந்து நிற்கும் உரிமை, ‘வக்கீல்’ என்ற பெயர், ஒரு கட்சிக்காரர் நம்பிக் கையெழுத்துப் போட்டுத் தரும் வக்காலத்து ஆகியவை கிடைக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், நம்பிக்கை முன்கூட்டியே திருப்பித் தரப்படுகிறது. அதையும் அவர் யாரிடமிருந்து பெறுகிறார் என்பதில்தான் தீர்ப்பின் சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வழக்கின் சங்கதி துறையினருக்குத் தெரிந்ததுதான். 15,000 ரூபாய்க்கு ஒன்றும் 5,000 ரூபாய்க்கு ஒன்றுமாக இரண்டு புரோநோட்டுகள். அவற்றின் மீது தாவா போடச் சொல்லி வழக்கறிஞரிடம் ஒப்படைக்கிறார்கள். கொடுத்தவர் தரப்பில் இருந்தவர் காது கேளாத, எழுபது வயது முதியவர். தாவா தாக்கலாகவில்லை. தாக்கலாகி நிலுவையில் இருக்கிறது என்று மட்டும் வழக்கறிஞர் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்நாடு பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு ஆறாண்டு தொழில் செய்யத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் குற்றத்தை உறுதிசெய்து தடையை ஓராண்டாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளும் குற்ற முடிவில் கைவைக்கவில்லை. தண்டனையில்தான் பிரிந்தார்கள்: கிருஷ்ணய்யரும் டி.ஏ. தேசாயும் ஒரு பக்கம், ஏ.பி. சென் தனியாக.

அந்தப் பிரிவைப் பற்றி எழுதப்பட்ட எல்லாமே அதிகாரத்தைப் பற்றியவை. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 35(3), ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு நான்கு வழிகளை மட்டும் தருகிறது: புகாரைத் தள்ளுபடி செய்யலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். இந்த நான்கு புறாக்கூண்டுகளுக்குள் இலவசச் சட்ட உதவிக்கு இடம் எங்கே? பெரும்பான்மை தரும் விடை அனைவரும் அறிந்தது: சொற்கள் காலத்தோடு பொருள் பெருகும், தண்டனைக்கு அச்சுறுத்தும் முகமும் உண்டு, திருத்தும் முகமும் உண்டு, அரசமைப்பின் 38, 39ஏ உறுப்புகள் பின்னணியில் நிற்கும்போது 35(3)இலிருந்து இன்னும் கொஞ்சம் பொருளைத் தோண்டி எடுக்கலாம். 39ஏ அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத உறுப்பு. சட்ட உதவி பற்றிய 1973ஆம் ஆண்டு வல்லுநர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கிருஷ்ணய்யரே. கையில் புதிதாக வந்த கருவியை அவர் முதலில் தம் தொழில்காரர்கள்மீது பயன்படுத்திப் பார்த்தார் என்று சொன்னால் மிகையாகாது.

சென்னின் மறுப்பு இரண்டு அடுக்கு. முதல் அடுக்கு 35(4): தடைக்காலத்தில் அந்த வழக்கறிஞர் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும், எந்த அதிகாரியிடத்திலும், எந்த நபரிடத்திலும் தொழில் செய்யக் கூடாது. தடையில் இருப்பவரை இலவசமாக வழக்கு நடத்தச் சொல்வது தனக்குத் தானே முரண்படும் உத்தரவு. இரண்டாவது அடுக்கு: அப்படியில்லை, நிபந்தனை நிறைவேறியதும் தடை முடிகிறது என்று பொருள் கொண்டாலும், காலம் முடியுமுன் தொழில் உரிமையைத் திருப்பித் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

முதல் அடுக்கு பெரும்பான்மையின் உத்தரவைத் தொடவில்லை என்பதே என் வாசிப்பு. இதைத் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்; சென்னின் பத்தி சுருக்கமானது, அவர் வேறு வரைவைப் பார்த்து எழுதியிருக்கவும் கூடும். ஆனால் அச்சில் இருக்கும் உத்தரவின்படி இலவச வேலை தடைக்காலத்துக்குள் நடப்பதில்லை. தடை 1979 ஜனவரி 26 அன்று முடிந்துபோகிறது. வேலை அதன் பிறகு தொடங்குகிறது. தடைக்காலத்துக்குள் அவர் செய்ய வேண்டியவை பணம் கட்டுவது, வாரியத் தலைவரைப் பார்ப்பது, உறுதிமொழி எழுதிக்கொடுப்பது மட்டுமே. இவற்றில் எதுவும் ‘தொழில் செய்தல்’ ஆகாது. முரண் என்று பார்த்த இடத்தில் முரண் இல்லை.

இரண்டாவது அடுக்கு கனமானது. ஆனால் அதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பிரிவு 38 உச்ச நீதிமன்றத்துக்குத் ‘தக்கதெனக் கருதும் உத்தரவை’ப் பிறப்பிக்கும் அதிகாரம் தருகிறது, விதித்த தண்டனையை மாற்றுவதும் அதில் அடங்கும் என்ற அடைப்புக்குறி வாசகம் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஓராண்டுத் தடையைக் குறைத்து ஒரு குறிப்பிட்ட தேதியில் முடியச் சொல்வது ‘மாற்றுதல்’ என்ற சொல்லின் மிகச் சாதாரணமான பொருள். அந்தக் குறைப்புக்கு நிபந்தனை வைக்கலாமா என்பது மட்டுமே மீதி. முழுமையாகக் குறைக்க அதிகாரம் உள்ளவருக்கு நிபந்தனையோடு குறைக்க அதிகாரம் இல்லை என்று வாதிடுவது கடினம். 1998இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் அரசியல் சாசன அமர்வு, அவமதிப்பு வழக்கில் ஒரு வழக்கறிஞரின் தொழில் உரிமத்தை நிறுத்திவைக்க நீதிமன்றத்தால் முடியாது, அது வழக்கறிஞர்கள் சட்டத்தின் வேலை என்று சொன்னதைச் சிலர் சென்னுக்குக் கிடைத்த காலங்கடந்த வெற்றியாகக் காட்டுவதுண்டு. அந்த அமர்வு பேசியது 142ஆம் உறுப்பைப் பற்றி. பிரிவு 38இன் கீழ் வரும் மேல்முறையீட்டை அது அப்படியே விட்டுவைத்திருக்கிறது. அந்த வாதத்துக்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

ஆக, அதிகாரச் சண்டையில் பெரும்பான்மைதான் ஜெயிக்கிறது. அப்படி இருந்தும் தீர்ப்பு தவறு என்கிறேன். அதிகாரம் இருந்தது, அதை எதன்மீது பயன்படுத்துகிறோம் என்ற தெளிவு இல்லை. பெரும்பான்மைத் தீர்ப்பு கட்சிக்காரரை ஏமாற்றியதைக் கண்டிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஏமாற்று தீர்ப்பில் எடைக்கல்லாக எங்கும் வரவில்லை. வருவதெல்லாம் தொழிலின் மேட்டிமை, மக்களிடமிருந்து அதன் விலகல், மன்னித்துவிட முடியாத அளவுக்கு மூத்தவர் ஆனால் பெயரை நீக்கிவிட முடியாத அளவுக்கு இளையவர் என்ற வயதுக் கணக்கு. மேட்டிமைக்கு மருந்து ஏழைகளுக்கு உழைப்பது, சரி. ஆனால் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவரைத் தண்டித்தது மேட்டிமைக்காகவா?

இங்கே நீதிமன்ற அலுவலகத்தின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். உரிமையியல் நீதிமன்றத்தில் ஒரு பிராது கொடுத்த அன்றே வழக்காகிவிடுவதில்லை. அலுவலகம் சரிபார்க்கும். கோர்ட் ஃபீஸ் போதாது, ஆவணப் பட்டியலில் பிழை, முகவரி முழுமையில்லை என்று ஏதாவது குறித்து ‘ரிட்டர்ன்’ செய்யும். வக்கீல் குமாஸ்தா அதை வாங்கி வந்து சரிசெய்து மறுபடி கொடுப்பார். ஒரு வழியாக ஓ.எஸ். நம்பர் விழும். “நம்பர் ஆகிவிட்டதா?” என்று கட்சிக்காரர் கேட்பதும், “ரிட்டர்ன் ஆகியிருக்கிறது, அடுத்த வாரம் ஆகிவிடும்” என்று அலுவலகத்தில் சொல்வதும் தமிழ்நாட்டின் எந்த ஊர் நீதிமன்ற வளாகத்திலும் தினமும் காதில் விழும் பேச்சு. நம்பர் விழும்வரை அந்தப் பிராது எங்கே இருக்கிறது என்பது வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் மட்டுமே தெரியும். கட்சிக்காரருக்கு வக்கீலின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி கிடையாது. காது கேளாத முதியவருக்கு அந்த வாய்ச்சொல்லும் இன்னொருவர் வழியாகத்தான் வர வேண்டும்.

இப்போது புரோநோட்டின் ஆயுளைப் பார்ப்போம். கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டின் மீது தாவா போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் காலம், எழுதிய தேதியிலிருந்து மூன்றாண்டு. அதை நீட்டிக்கக் கடன் கொடுத்தவர்கள் அறிந்த வழி ஒன்று உண்டு. மூன்றாண்டு முடியுமுன் கடன்காரரைப் பிடித்து, ஐம்பதோ நூறோ வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கத்தில் ‘வரவு’ எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கட்டிய தேதியிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடும். எழுதப் படிக்கத் தெரியாத வட்டிக்காரருக்கும் தெரிந்த சட்டம் இது. ஆனால் தாவா ஏற்கெனவே நிலுவையில் இருக்கிறது என்று நம்புகிறவர் எதற்காக வரவு எழுதி வாங்கப் போகிறார்? நோட்டே வக்கீலின் கட்டில் அல்லவா இருக்கிறது? வேறு வக்கீலிடம்தான் எதற்காகப் போகப் போகிறார்?

தாவா போடாதது அசிரத்தை. போட்டாயிற்று என்றது பொய். இரண்டையும் ஒரே ஒழுங்கீனத்தின் இரு பக்கமாகப் பெரும்பான்மை எடுத்துக்கொள்கிறது, சென்னும் அப்படித்தான். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலுள்ள நம்பிக்கையுறவைப் பற்றி அவர் எழுதியிருப்பது பொதுவாக எல்லா ஒழுங்கீனத்துக்கும் பொருந்தும் பத்தி; இந்தப் பொய்யைப் பற்றியது அல்ல. ஆனால் அசிரத்தைக்கு மட்டும் மருந்து உண்டு. “நான் இன்னும் போடவில்லை, மன்னியுங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதியவரிடம் மூன்று வழிகள் மிச்சம் இருந்திருக்கும்: வேறு வக்கீல், வரவுக் கையெழுத்து, நேரே கடன்காரரிடம் பேச்சுவார்த்தை. அந்த மூன்றையும் ஒரே மூச்சில் அடைத்தது பொய்தான். பொய் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் மூன்றாண்டுக் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. அசிரத்தை ஒரு கடமையைச் செய்யாமல் விட்டது. பொய் காலத்தை எடுத்துக்கொண்டது. திருடப்பட்ட பொருள் காலம் என்றால், 20,000 ரூபாய் அசலில் எட்டில் ஒரு பங்கான 2,500 ரூபாய் எதற்கு ஈடு? அந்தத் தொகை எப்படி வந்தது என்று தீர்ப்பு சொல்லவில்லை. அசிரத்தைக்கான ஈடாக அதைப் படிக்கலாம். பொய்க்கு ஈடாகப் படிக்க வழி இல்லை.

இந்த வேறுபாட்டைப் பார்க்காததன் விளைவு உத்தரவின் அடுத்த பாதியில் தெரிகிறது. தன்னைச் சரிபார்க்க முடியாத ஒரு கட்சிக்காரரிடம் பொய் சொன்னார் என்று மூன்று மன்றங்களில் உறுதியானவரை, நீதிமன்றம் அனுப்பிவைக்கும் இடம் எது? சட்ட உதவி வாரியம். அங்கே வருகிறவர்கள் வக்கீலைத் தாங்களே தேர்ந்தெடுப்பதில்லை. காசு கொடுக்காததால் கேள்வி கேட்கக் கூசுகிறவர்கள். நம்பர் விழுந்ததா என்று அலைந்து பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டியவர்கள். காசு கொடுக்கிற கட்சிக்காரர் முன்னால் ஓராண்டு நிற்கக் கூடாது, காசு இல்லாதவர் முன்னால் நிற்கலாம் என்பதே உத்தரவின் நேரடிப் பொருள். இதைக் கிருஷ்ணய்யர் எழுதினார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஏழைகளுக்குத் தொண்டு செய்வதைப் பிராயச்சித்தமாகப் பார்த்த அவர், அந்தப் பிராயச்சித்தம் யார் தலையில் நடக்கிறது என்று பார்க்கத் தவறினார். ஏழைகள் அங்கே கட்சிக்காரர்களாக இல்லை, திருத்தும் கருவியாக இருக்கிறார்கள்.

வாரியத் தலைவர் ஏற்றுக்கொண்டால்தானே, அது ஒரு காப்பு அல்லவா என்று கேட்கலாம். தலைவர் ஏற்கலாம், மறுக்கலாம்; ஆனால் உச்ச நீதிமன்றமே திருந்த வாய்ப்புத் தரச் சொன்னவரை மறுக்கும் தலைவரை நான் கற்பனை செய்ய முடியவில்லை. ஒருவர் ஒருமுறை பொய் சொன்னதால் எப்போதும் பொய் சொல்வார் என்று கொள்ளலாமா என்பது வேறொரு கேள்வி. கொள்ளக் கூடாது, நானும் கொள்ளவில்லை. அவரை நம்பலாமா வேண்டாமா என்பதைச் சோதிக்கிற செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி.

ரங்கதுரைக்குப் பிந்தைய தீர்ப்புகளை இதே கண்ணோடு பார்த்தால் ஒரு வரிசை புலப்படுகிறது. 2002இல் ஹரிஷ் சந்திர திவாரி வழக்கு: நிலம் எடுப்பு இழப்பீடாக நீதிமன்றத்தில் கட்டப்பட்ட 8,118 ரூபாயை, எழுத்தறிவில்லாத ஏழை முதியவர் ஒருவர் சார்பில் எடுத்துக்கொண்டு வக்கீல் கொடுக்கவில்லை, போதாததற்கு அந்த முதியவரின் பெயரால் சமாதானம் ஆகிவிட்டதாக ஒரு பொய்ப் பிரமாணப் பத்திரமும் வந்தது. இந்திய பார் கவுன்சில் மூன்றாண்டுத் தடை விதிக்க, உச்ச நீதிமன்றம் தானே கூட்டிப் பெயரை நீக்கியது. கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது ஒழுங்கீனங்களில் ஆகக் கொடியவற்றுள் ஒன்று என்று அமர்வு எழுதியது. அதற்கு வெகுமுன்பே, 1963இல் பி.ஜே. ரத்னம் வழக்கில், கட்சிக்காரர்களுக்காக எடுத்த பணத்தைத் திருப்பித் தராத வழக்கறிஞருக்கு ஐந்தாண்டுத் தடை நிலைத்தது. 20,000 ரூபாய்க்கான தாவாவைப் போடாமல் போட்டதாகச் சொன்னவருக்கு ஓராண்டு, அதிலும் 200 நாள் கழிக்க வாய்ப்பு. 8,118 ரூபாயைக் கையில் வாங்கியவருக்குப் பெயர் நீக்கம். எண்களை இப்படி எதிரெதிரே வைப்பது முழு நியாயம் அல்ல என்பது எனக்குத் தெரியும். திவாரி வழக்கில் பிரமாணப் பத்திரமும் சேர்ந்திருக்கிறது. இருந்தாலும், வக்கீலின் கைக்கு எவ்வளவு வந்தது என்பதை நாம் அளக்கிறோம், கட்சிக்காரரின் கையைவிட்டு எவ்வளவு போனது என்பதை அளப்பதில்லை என்ற சந்தேகத்தை இந்த வரிசை வலுப்படுத்தத்தான் செய்கிறது. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். நம் ஒழுங்கு நடவடிக்கைச் சட்டம் முதல் பொருளைக் கொண்டே இரண்டாவதை அளந்துகொண்டிருக்கிறது.

இந்த வாதத்துக்கு இடிக்கும் ஒரு தீர்ப்பு உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2001ஆம் ஆண்டு சம்பு ராம் யாதவ் வழக்கில் பணம் கைமாறியதாக எதுவும் இல்லை. நீதிபதிக்குக் கொடுக்க 10,000 ரூபாய் அனுப்பு என்று வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்கு எழுதிய ஒரு கடிதம் மட்டுமே. ராஜஸ்தான் பார் கவுன்சில் இரண்டாண்டுத் தடை விதித்தது. இந்திய பார் கவுன்சில் நிரந்தரத் தடையாக்கியது. பிறகு மறுஆய்வில் தானே இறங்கி வெறும் கண்டனமாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் மறுஆய்வை ரத்துசெய்து நிரந்தரத் தடையை மீட்டது. அரை நூற்றாண்டு தொழிலில் இருந்தவர் என்பது அவருக்கு உதவவில்லை. ஆக, கைக்கு வந்த காசு மட்டுமே அளவுகோல் அல்ல. ஆனால் அங்கே களங்கப்பட்டது எது? நீதிமன்றத்தின் பெயர். வக்கீலின் பைக்குக் காசு போனால் கடுமை. நீதிமன்றத்தின் கௌரவத்தில் கை பட்டால் கடுமை. கட்சிக்காரரின் காலம் போனால் மட்டும் நெகிழ்வு. விலக்காக வந்த தீர்ப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, தள்ளிவிடவில்லை.

பிராயச்சித்தத் தண்டனை ரங்கதுரையோடு நின்றுவிடவும் இல்லை. டெல்லி பி.எம்.டபிள்யூ. வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியைக் கலைக்க முயன்றதாக அவமதிப்புக் குற்றம் உறுதியான மூத்த வழக்கறிஞர் ஒருவர், மன்னிப்புக் கேட்டு, ஓராண்டு இலவசச் சட்ட உதவியும் 21 லட்சம் ரூபாயும் தர முன்வந்ததை 2012இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது 35ஆம் பிரிவு வழக்கு அல்ல. ஆகவே நேரடிச் சந்ததி என்று சொல்லமாட்டேன். ஆனால் நீதியைத் திரிக்க முயன்றவரைச் சட்ட உதவிக் கட்சிக்காரர்களிடம் அனுப்பும் அதே பாதைதான்.

வெளிநாட்டு ஒப்பீட்டை நான் பொதுவாக விரும்புவதில்லை. ஒன்றை மட்டும் தவிர்க்க முடியவில்லை. இங்கிலாந்து உயர் நீதிமன்றம் 2018இல் மூன்று சொலிசிட்டர்களின் வழக்குகளைச் சேர்த்துக் கேட்டது. அவற்றில் ஒன்றில், இளம் சொலிசிட்டர் ஒருவர் மருத்துவக் கவனக்குறைவு வழக்கொன்றை நகர்த்தாமலே நகர்வதாகக் காட்டிக்கொண்டார். முன்தேதியிட்ட கடிதங்களையும் உருவாக்கினார். காசு எதுவும் அவர் கைக்கு வரவில்லை. அலுவலக நெருக்கடியையும் மனநலப் பாதிப்பையும் எண்ணித் தீர்ப்பாயம் இறங்கியிருந்தது. உயர் நீதிமன்றம் மூவரின் பெயரையும் நீக்கியது: அந்த நெருக்கடிகள் தம்மளவில் விதிவிலக்கான சூழ்நிலை ஆகா என்றது. அந்தக் கடுமையை இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. மனநலம் பற்றிய அந்தப் பகுதி எனக்கு ஒப்புதலும் இல்லை. அங்கே ‘வழக்கு நடக்கிறது’ என்ற பொய், காசு இல்லாமலே, தனியாக எடைபோடப்பட்டது என்பது மட்டுமே எனக்கு வேண்டிய புள்ளி.

நம் விதிகளில் அந்தப் பொய்க்கு எடைக்கல்லே இல்லை. இந்திய பார் கவுன்சில் விதிகள், ஆறாம் பகுதி, இரண்டாம் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கலாம். கட்சிக்காரருக்குரிய கடமைகளில் 25 முதல் 32 வரையுள்ளவை பணத்தைப் பற்றியவை: கணக்கு வைக்க வேண்டும், ஃபீஸ் வேறு செலவு வேறு என்று பிரித்து எழுத வேண்டும், கேட்டால் கணக்கு நகல் தர வேண்டும், கட்சிக்காரர் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்குத் தனி விதி கிடையாது. கட்சிக்காரர் வைத்த நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று 24ஆம் விதி பொதுவாகச் சொல்லி நின்றுவிடுகிறது. காசுக்கு எட்டு விதி, காலத்துக்கு ஒன்றுமில்லை. ரங்கதுரையில் மூன்று நீதிபதிகளும் பொய்யை அசிரத்தையோடு கலந்துவிட்டதற்கு அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் இருந்த விதிப்புத்தகமும் அப்படித்தான் கலந்து வைத்திருந்தது.

மின்-நீதிமன்றம் வந்துவிட்டதே, பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைச் செல்பேசியில் தட்டினால் எல்லாம் தெரிந்துவிடுமே என்பார்கள். தாக்கலான வழக்குக்குத்தான் எண். தாக்கலாகாத பிராதைத் தேடினால் திரையில் ஒன்றும் வராது. ஒன்றும் வராததற்கு “ரிட்டர்னில் இருக்கிறது” என்ற பழைய பதில் இன்றும் போதும்.

இந்த வாசிப்பு சரியென்றால், தமிழ்நாடு பார் கவுன்சில் குழு விதித்த ஆறாண்டுதான் மூன்று மன்றங்களில் சொல்லப்பட்ட தண்டனைகளில் குற்றத்துக்கு மிக அருகில் நிற்பது. புரோநோட்டின் காலவரையறையைப் போல் அது இரண்டு மடங்கு என்பது தற்செயலாகத்தான் இருக்கும். அதைப் பெரிதாக்க விரும்பவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குத் திருத்தும் தண்டனை வேண்டுமென்றால் வாரியத்தில் வேறு வேலைகள் இருந்தன. கட்சிக்காரர் யாரும் நம்பிக் கையெழுத்துப் போடத் தேவையில்லாத வேலைகள்: மனு எழுதுவது, ஆவணம் தேடுவது, நகல் மனு போட்டு வாங்கித் தருவது. அப்படி எழுதியிருந்தால் சென்னின் முதல் மறுப்புக்கும் இடமிருந்திருக்காது, என் மறுப்புக்கும் இருந்திருக்காது.

பார் கவுன்சில்களிடம் கேட்பது இரண்டு. வழக்கு நிலவரம் பற்றிப் பொய் சொன்னதாகப் புகார் வரும்போது, ஒழுங்கு நடவடிக்கைக் குழு தன் உத்தரவில் மூன்று தேதிகளை எழுதட்டும்: கட்டு ஒப்படைக்கப்பட்ட தேதி, முதல் பொய் சொல்லப்பட்ட தேதி, உரிமை காலாவதியாகும் தேதி. அடுத்து, பிராது கொடுத்தால் அதன் நகலையும், நம்பர் விழுந்தால் அந்த நம்பரையும், திரும்பி வந்தால் திரும்பிய காரணத்தையும் கட்சிக்காரருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று ஒரு விதி 24க்கும் 25க்கும் நடுவில் சேரட்டும். நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49ஆம் பிரிவு அந்த விதியை எழுதும் அதிகாரத்தை இந்திய பார் கவுன்சிலுக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது.